பழுது தீர்ந்த பின் எழும் இரைச்சல்

பழுதுற்றுக் கிடந்த பழைய வானொலிப் பெட்டியொன்றைப் பல நாள் முயன்று திருத்தி, மின்னிணைப்புக் கொடுத்து, ஆவலோடு காத்திருப்பவருக்கு முதலிற் கேட்பது ஓட்டுக் கூரைமேற் பெருமழை பெய்வது போன்ற ஓர் இரைச்சல். விளக்குகள் எரிகின்றன, மீற்றரின் முள் அசைகின்றது, ஆயினும் தொலைவிலிருந்து பேசுவோரின் குரல் அம்மழைக்குள் அமிழ்ந்து போகின்றது. பழைய பழுது தீர்ந்ததா, புதிய பழுதொன்று புகுந்ததா என்னும் ஐயம் அவ்வேளையிலேயே எழுகின்றது.

அமெச்சூர் வானொலியாளர் எனப்படுவோர், ஊதியங் கருதாது, அரசினரின் அனுமதிப்பத்திரம் பெற்று, தம் இல்லத்திலிருந்தவாறே சிற்றலையிற் பிற நாட்டாரோடு உரையாடுவோர் ஆவர். அவர்கள் கையாளும் கருவிகளுட் பெரும்பாலானவற்றில், அலைகளை அனுப்பும் பகுதியும் அவற்றை வாங்கும் பகுதியும் ஒரே பெட்டிக்குள் அமைந்திருக்கும். அதனைத் திரான்சீவர் என்பர். 1970களில் யப்பானிற் செய்யப்பட்ட யாயேசு எப்.ரி.101, கென்வுட் ரி.எஸ்.520 என்பன இவ்வகையிற் பெயர்பெற்றவை. இவற்றின் உறுப்புகள் பெரும்பாலும் திரான்சிஸ்டர்களே. ஆற்றலோடு அலைகளை வெளியேற்றும் இறுதிக் கட்டத்தில் இரண்டு வால்வுகளும், அவற்றைத் தூண்டுவதற்கு ஒரு வால்வும் மாத்திரம் உள்ளன. அரை நூற்றாண்டு அகவையை எட்டிய இப்பெட்டிகளை இன்றும் திருத்திப் பயன்படுத்துவோர் பலர் உளர். அவர்கள் திருத்தத்தின் பின் எதிர்கொள்ளும் இவ்விரைச்சலின் காரணத்தைத் தேடும் முறை, வீட்டிலுள்ள சாதாரண வானொலிக்கும் பெரும்பாலும் பொருந்துவதாகும்.

முதலாவதாக, இரைச்சலே இல்லாத வாங்கி உலகில் இல்லை என்பதை உளங்கொள்ளல் வேண்டும். எந்த மின்கடத்தியிலும் இலத்திரன்கள் வெப்பத்தினால் ஓயாது அலைந்துகொண்டிருக்கின்றன. அவ்வலைச்சல் மிகச் சிறிய மின்னழுத்தமாக வெளிப்படுகின்றது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன்சன் என்பார் இதனை அளந்து 1928 இல் வெளியிட்டார். அதே ஆண்டில் நைக்குவிஸ்ட் அதற்குரிய கணக்கை விளக்கினார். சாதாரண அறை வெப்பநிலையில், 50 ஓம் தடையொன்றில், மனிதக் குரலுக்குப் போதுமான 2,500 ஹேட்ஸ் அகலத்துள் எழும் அழுத்தம், ஒரு வோல்ற்றின் நூறு கோடிப் பங்கில் ஏறத்தாழ 45 பங்கு ஆகும். எண்ணிப் பார்ப்பதற்கும் அரிய இச்சிறு அழுத்தத்தையும் வாங்கி விட்டுவிடுவதில்லை. குரலைப் பெருக்குமாறு போலவே இதனையும் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடுகின்றது.

இது பெட்டிக்குள் பிறப்பது. வெளியிலிருந்து வருவது வேறொன்று. 1930களின் தொடக்கத்தில், கடல் கடந்த வானொலித் தொலைபேசிக்கு இடையூறு செய்யும் இரைச்சலை ஆராயுமாறு கார்ல் ஜான்ஸ்கி என்னும் இளம் பொறியியலாளரை அதே பெல் நிறுவனத்தார் பணித்தனர். நியூ ஜேர்சி மாநிலத்தின் ஹோம்டெல் என்னுமிடத்தில், மோட்டார் வண்டிச் சக்கரங்களின்மேற் சுழலுமாறு அவர் பெரியதோர் ஏரியலை அமைத்தார். 20.5 மெகாஹேட்ஸ் மீடிறனிற் பல மாதங்கள் செவிமடுத்து, தாம் கேட்டவற்றை மூன்றாக வகுத்தார். அண்மையிலுள்ள இடிமுழக்கத்தால் வருவது ஒன்று; தொலைவிலுள்ள இடிமுழக்கத்தால் வருவது மற்றொன்று; காரணம் புலப்படாது தொடர்ந்து ஒலிக்கும் மெல்லிய சீறல் மூன்றாவது. அச்சீறல் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சமடைவதைக் கண்டு, அது விண்மீன்களின் கதியோடு இயைந்தது எனத் தெளிந்தார். பால்வீதியின் நடுப்புறத்திலிருந்து அது வருகின்றது என்று 1933 இல் அறிவித்தார். வானொலி வானியல் என்னும் துறை அவ்வாறு பிறந்தது.

பழைய பெட்டியைத் திருத்துவோருக்கு ஜான்ஸ்கியின் வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. அவர் இரைச்சலை அடக்க முற்படுமுன் அதனை வகைப்படுத்தினார். இடம் எது, வகை எது என்று அறிந்த பின்னரே காரணத்தை நாடினார். திருத்துவோர் பலர் இம்முறையைத் தலைகீழாகச் செய்கின்றனர். இரைச்சலைக் கேட்டவுடன் ஏதோ ஒரு திரான்சிஸ்டரை மாற்றுகின்றனர். அது பயன்தராவிடில் மற்றொன்றை மாற்றுகின்றனர். ஈற்றில், முதலில் இருந்த ஒரு பழுதோடு புதிய மூன்று பழுதுகள் சேர்ந்துவிடுகின்றன.

முதற் சோதனை மிக எளிது. வாங்கியை 7 அல்லது 14 மெகாஹேட்ஸ் பகுதியில், நிலையம் எதுவும் கேளாத இடத்தில் நிறுத்தி, ஏரியல் கம்பியைக் கழற்றிவிடுதல் வேண்டும். அதன் இடத்தில் 50 ஓம் தடையொன்றை இணைத்தல் நன்று. இரைச்சல் பெரிதுங் குறைந்துவிடின், அது வெளியிலிருந்து வந்ததேயன்றிப் பெட்டியிற் பிறந்ததன்று. உண்மையில் அது நற்குறியே. இம்மீடிறன்களில், வானத்திலிருந்து வரும் இரைச்சல் நல்ல வாங்கியொன்றின் உள்ளிரைச்சலைக் காட்டிலும் மிக்கது. ஆகவே ஏரியலை இணைத்ததும் இரைச்சல் கூடுதலே இயல்பு. கூடாவிடிலே ஐயுறுதல் வேண்டும். 28 மெகாஹேட்ஸ் பகுதியில் வான இரைச்சல் குறைவாதலால் அங்கே இவ்வேறுபாடு நன்கு தோன்றாது. அங்கு மாத்திரம் சோதித்துப் பெட்டியைப் பழித்தல் தவறு.

வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்கு இலங்கை போன்ற வெப்ப வலய நாடுகளில் இடிமுழக்கம் முதற்காரணமாகும். பருவக்காற்றுகள் மாறும் சித்திரை, ஐப்பசி மாதங்களிற் பிற்பகல் தோறும் எழும் இடியின் படபடப்பு, இரவில் 7 மெகாஹேட்ஸ் பகுதியை நிறைத்துவிடும். அதனை எந்தத் திருத்தமும் நீக்காது. மனிதர் செய்த இரைச்சலோ வேறு. கைத்தொலைபேசியை மின்னேற்றுங் கருவி, எல்.ஈ.டி. விளக்கு, சூரிய மின்கலங்களோடு இணைந்த மாற்றி ஆகியவை மின்னோட்டத்தை விரைந்து துண்டித்துத் துண்டித்து வேலை செய்வன. அவ்வாறு துண்டிக்குந்தோறும் சிற்றலை வரையும் அலைகள் சிதறுகின்றன. பெட்டி திருத்தப்பட்டுக் கிடந்த சில மாதங்களுள் வீட்டிலோ அயல் வீட்டிலோ புதிய விளக்கு ஏறியிருத்தல் கூடும். மின்கலத்தால் இயங்கும் சிறிய வானொலியொன்றைக் கையிற் பிடித்துக்கொண்டு, வீட்டின் பிரதான மின் ஆளியை ஒருமுறை நிறுத்திப் பார்த்தால் உண்மை வெளிப்படும். இரைச்சல் அக்கணமே மறைந்தால் குற்றம் வீட்டினுள்ளே உள்ளது.

ஏரியலைக் கழற்றிய பின்னும் இரைச்சல் சிறிதும் குறையாவிடில், பெட்டியினுள் நோக்கவேண்டியதாகின்றது. அப்பொழுது காதே முதற்கருவி. ஒலி கூட்டுங் குமிழை முற்றாகக் குறைத்த பின்னும் ஒலி நீடிக்குமாயின், அது குமிழுக்குப் பின்னுள்ள செவியொலிப் பகுதியிலோ மின்வழங்கும் பகுதியிலோ பிறப்பது. அது தாழ்ந்த உறுமலாக இருந்தால், மின்சாரத்தின் அதிர்வு வடிகட்டப்படாது உள்ளே நுழைகின்றது எனலாம். இலங்கையில் மின்சாரம் நொடிக்கு 50 முழுச் சுற்றுகளாக அலைகின்றது. முழுவலை திருத்திய பின் எஞ்சும் அதிர்வு 100 ஹேட்ஸ் ஆகும். அவ்வுறுமலுக்குப் பெரும்பாலும் காரணம், வயதேறி உள்ளே உலர்ந்துபோன மின்பகுப்புக் கண்டென்சர்களே. அதனிலுந் தாழ்ந்த 50 ஹேட்ஸ் உறுமல் கேட்பின், எர்த் கம்பி ஒன்று விடுபட்டிருத்தல் அல்லது மின்கம்பிக்கு அருகே செவியொலிக் கம்பி ஓடுதல் காரணமாகலாம்.

எண்ணெயிற் கடுகு பொரிவது போன்று இடையிடையே வெடிக்கும் ஒலி வேறு கதை சொல்கின்றது. தொடுப்பு எங்கோ நிலையாக இல்லை என்பதே அதன் பொருள். பற்றாசு பளபளப்பின்றிச் சாம்பல் நிறமாக உறைந்திருக்கும் இடங்கள், பலகையைச் செருகும் விளிம்புகள், ஆளிகளின் தொடுமுனைகள் ஆகியவற்றை உலர்ந்த மூங்கிற் குச்சியால் மெல்லத் தட்டிப் பார்த்தால், குற்றமுள்ள இடத்திற் பொரிதல் பெருகும். எப்.ரி.101 பெட்டியிற் பல பலகைகள் செருகி எடுக்கத்தக்கவை. அவற்றின் விளிம்புத் தொடுப்புகள் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கிவிடுகின்றன. திருத்தும்போது ஒரு பலகையை எடுத்து மீண்டும் செருகியதே சிலவேளை புதிய இரைச்சலுக்குக் காரணமாகின்றது. சாராயச் சத்து தோய்ந்த துணியால் அவ்விளிம்புகளைத் துடைத்தல் போதும். அரத்தாளால் உராய்தல் மேற்பூச்சை அழித்துவிடும்.

மூன்றாவது வகை, இடையறாத சீறல். திருத்துவோரைப் பெரிதும் மயக்குவது இதுவே. இங்குச் சிந்திக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. சீறல் பெரிதாகக் கேட்பதனால் சீறல் கூடிவிட்டது என்று கொள்ளலாகாது; குரல் குறைந்துவிட்டதனாலும் சீறல் பெரிதாகக் கேட்கும். இவ்வாங்கிகளிற் பெருக்கத்தைத் தானே கட்டுப்படுத்தும் ஏற்பாடு ஒன்று உள்ளது. வலிய நிலையம் வந்தால் அது பெருக்கத்தைக் குறைக்கும். வரும் அலை நலிந்தால் பெருக்கத்தை முழுமையாகத் திறந்துவிடும். ஏரியலிலிருந்து வரும் வழி எங்கேனும் அடைபட்டுவிட்டால், குரல் உள்ளே நுழைவதில்லை. பெருக்கமோ உச்சத்தில் நிற்கின்றது. பெட்டி தன் உள்ளிரைச்சலையே உரத்துப் பேசுகின்றது. ஊர்தி வராத வெறுந்தெருவில் நாயின் குரைப்பு உரத்துக் கேட்பது போன்றது இது. நாயை அடக்க முயல்வோர் தெரு ஏன் வெறுமையாயிற்று என்று வினாவுதல் வேண்டும்.

அவ்வழி அடைபட்டதா என்று அறிவதற்கு இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் ஓர் உதவி உள்ளேயே உண்டு. மீடிறன் அளவுகோலைச் சரிபார்ப்பதற்காக, 25 கிலோஹேட்ஸுக்கு ஒருமுறை கூரிய ஒலியெழுப்பும் பளிங்கு அலையி ஒன்று அமைந்திருக்கும். அதன் ஒலி வலிமையாகக் கேட்க, வெளிநிலையங்கள் மாத்திரம் நலிந்து கேட்குமாயின், அலையி இணையும் இடத்துக்கும் ஏரியல் துளைக்கும் இடைப்பட்ட சிறு தொலைவிலே குற்றம் இருத்தல் வேண்டும். அங்கே பெரும்பாலும் இருப்பது, அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் ஏரியலை மாற்றி மாற்றித் தொடுக்கும் ரிலே என்னும் மின்காந்த ஆளி. அதன் தொடுமுனைகள் கறுத்துவிட்டால் நலிந்த அலைகள் கடக்கமாட்டா. சாராயச் சத்தில் நனைத்த தடித்த தாள்துண்டை முனைகளுக்கிடையில் வைத்து மெல்ல இழுத்தால் அக்கறை நீங்கும்.

வழி திறந்தே இருந்தும் சீறல் குறையாவிடில், அது பிறக்கும் கட்டத்தை ஒன்றொன்றாகத் தேடுதல் வேண்டும். ஒலிபெருக்கியிலிருந்து ஏரியலை நோக்கிப் பின்னோக்கிச் செல்வது முறை. ஒவ்வொரு பெருக்கியின் நுழைவாயிலையும் 0.1 மைக்ரோபரட் கண்டென்சர் ஒன்றினால் எர்த்துடன் தொடுத்துப் பார்க்கலாம். கண்டென்சர் நேரோட்டத்தைத் தடுப்பதால் பெருக்கியின் அழுத்தங்கள் கெடுவதில்லை. அலைகள் மாத்திரம் எர்த்தில் இறங்கிவிடுகின்றன. தொடுத்தவுடன் இரைச்சல் அடங்கினால் அது அவ்விடத்துக்கு முன்னே பிறக்கின்றது. அடங்காவிடில் அப்பெருக்கியிலோ அதற்குப் பின்னோ பிறக்கின்றது. இச்சோதனை திரான்சிஸ்டர் கட்டங்களுக்கு மாத்திரமே உரியது. உயர் அழுத்தம் உள்ள வால்வுக் கட்டங்களிற் கைவைத்தலாகாது. இவ்வாறு அகப்படும் கட்டத்தில், திருத்தும்போது மாற்றிய திரான்சிஸ்டர் இருக்குமாயின் அதனையே முதலில் நோக்குதல் தகும். பழைய யப்பானியத் திரான்சிஸ்டருக்கு மாற்றாகக் கிடைப்பவற்றின் கால்கள் வேறொரு வரிசையில் அமைந்திருத்தல் உண்டு. அதனைக் கவனியாது பொருத்தினாலும் பெட்டி ஓரளவு வேலை செய்யலாம்; ஆனால் பெருக்கம் குன்றி, இரைச்சல் மிகும். மின்பகுப்புக் கண்டென்சரின் நேர், மறை முனைகளை மாற்றி வைத்தலும், திரைமூடிகளைத் திருகாமல் விடுதலும் இவ்வாறே தீங்கு செய்வன.

வால்வும் திரான்சிஸ்டரும் கலந்த பெட்டிகளுக்கே உரிய இரைச்சல் ஒன்றும் உண்டு. இறுதி வால்வுகளைப் புதிதாக மாற்றிய ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். முன்பு தெளிவாகக் கேட்ட வாங்கியில் இப்பொழுது சீறல் மிக்கிருக்கின்றது. அவர் மாற்றியது அனுப்பும் பகுதியை; குற்றமோ வாங்கும் பகுதியில். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எண்ணி, வாங்கியின் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நாட்களை வீணாக்குதல் இயல்பு. உண்மையில் தொடர்பு நெருங்கியது. அனுப்பும் வேளையிற் பேச்சின்றி இருக்கும்போது, இவ்வால்வுகளிரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 60 மில்லியம்பியர் மின்னோட்டம் ஓடுமாறு அவற்றின் கிரிட்டுக்கு மறை அழுத்தம் கொடுக்கப்படுகின்றது. வாங்கும் வேளையில் அவ்வழுத்தம் மேலும் கூட்டப்பட்டு, வால்வுகள் முற்றாக அடைக்கப்படுகின்றன. அடைக்கும் அழுத்தம் ரிலேயின் தொடுமுனை வழியாகவோ சிறிய கம்பி வழியாகவோ செல்வது. அம்முனை கறுத்தாலோ, கம்பி விடுபட்டாலோ, வால்வுகள் வாங்கும் வேளையிலும் அடைபடாது மின்னோட்டத்தை ஈர்க்கின்றன. கதோட்டிலிருந்து அனோட்டுக்குப் பாயும் இலத்திரன்கள் ஒழுகும் நீர்போலன்றி மணல்மழைபோல் ஒவ்வொன்றாக வீழ்வதனால் இரைச்சல் பிறக்கும். இதனை 1918 இல் செர்மானிய அறிஞர் சொட்கி எடுத்துரைத்தார். அவ்விரைச்சல் பொதுவான சுருள்கள் வழியாகவும் அருகருகான கம்பிகள் வழியாகவும் வாங்கிக்குள் கசிகின்றது.

இதனைக் கண்டறியப் பெட்டியைத் திறக்கவும் வேண்டுவதில்லை. இப்பெட்டிகளின் முகப்பில் வால்வுகளைச் சூடாக்கும் இழைகளுக்கெனத் தனி ஆளியொன்று உண்டு. வாங்கியை இயங்கவிட்டு அவ்வாளியை நிறுத்தினால், வால்வுகள் ஆறுகின்றன. அரை நிமிடம் அளவில் சீறல் படிப்படியாக மறைந்துபோனால், அது வால்வுகளிலிருந்தே வந்தது எனத் துணியலாம். மீற்றரை வால்வின் மின்னோட்டம் காட்டும் நிலையில் வைத்துப் பார்த்தாலும் விடை கிடைக்கும். வாங்கும் வேளையில் முள் பூச்சியத்தில் நிற்றல் வேண்டும். சிறிது உயர்ந்து நின்றாலும் வால்வு அடைபடவில்லை என்பது திண்ணம். இக்குற்றத்தை விட்டுவைத்தால் இரைச்சலோடு அமையாது. வால்வுகளும் வீணே சூடேறித் தம் ஆயுளை இழக்கும்.

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்று இன்றியமையாதது. இவ்வால்வுகளின் அனோட்டில் 600 வோல்ற்று அல்லது அதற்கும் மேற்பட்ட அழுத்தம் நிற்கும். மின்னிணைப்பைக் கழற்றிய பின்னும் பெரிய கண்டென்சர்கள் அவ்வழுத்தத்தைத் தம்முள் வைத்திருத்தல் கூடும். அது உயிரைப் பறிக்க வல்லது. இணைப்பைச் சுவரிலிருந்து கழற்றி, சில நிமிடம் காத்திருந்து, அளவுகருவியால் அழுத்தம் பூச்சியமாயிற்று என்று கண்ட பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும். பழக்கமில்லாதவர் அப்பகுதியை அறிந்தவரிடம் விடுதலே அறிவுடைமை.

செய்யத் தகாதது ஒன்றுண்டு. சுருள்களின் நடுவேயுள்ள காந்தத் தண்டுகளைக் காரணமின்றித் திருகுதல் அது. ஒவ்வொரு தண்டும் தொழிற்சாலையிற் கருவிகொண்டு தன் இடத்தில் நிறுத்தப்பட்டது. அது தானாக நகர்வதில்லை. இரைச்சலுக்கு அதுவே காரணமாதல் அரிது. ஒன்றைத் திருகிப் பயன் காணாது அடுத்ததைத் திருகுவோர், பத்தாவதைத் திருகும்போது முதலாவது எங்கிருந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். தண்டுகள் பொடிந்தால் மாற்றுக் கிடைத்தல் எளிதன்று. ஒரு வேளையில் ஒரு மாற்றம், அதன் விளைவு குறிப்பேட்டில், பயனில்லையாயின் பழைய நிலைக்கு மீட்டல் என்னும் மூன்று ஒழுங்குகளும் விலையுயர்ந்த கருவிகளைக் காட்டிலும் மிக்க துணை செய்வன.

இத்துணை முயற்சி ஒரு பழைய பெட்டிக்குத் தேவைதானா என்று வினவுவோர் இருக்கலாம். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கிக் கரையோரங்களை அழித்த நாட்களில், தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கிடந்தன. அவ்வேளை இலங்கையின் தென்கரையிலிருந்து கொழும்புக்கும், அந்தமானின் போட் பிளேயரிலிருந்து இந்தியப் பெருநிலத்துக்கும் செய்தி கொண்டு சென்றோருள் அமெச்சூர் வானொலியாளரும் இருந்தனர். அத்தகைய நாளில், மறுமுனையில் நலிந்து பேசும் ஒருவரின் குரலைச் சீறல் விழுங்கிவிட்டால், அனுப்பும் ஆற்றல் எவ்வளவு இருந்தும் அவர் கூறியது சென்று சேராது. ஆற்றலோடு பேசும் பெட்டியினும் நலிந்த குரலைக் கேட்க வல்ல பெட்டியே ஆபத்தில் உதவுவது.

குற்றம் நீங்கிய பின்னும் ஏரியலை இணைத்துக் கேட்போருக்கு ஒரு மெல்லிய சீறல் எஞ்சியே இருக்கும். ஏரியலைக் கழற்றினால் அது தாழும். இணைத்தால் மீண்டும் எழும். அதனை நீக்க முற்படவேண்டுவதில்லை. தொலைவிலுள்ள இடிகளும், ஜான்ஸ்கி கேட்ட பால்வீதியும் சேர்ந்து எழுப்பும் ஒலி அது. அவ்வொலி தெளிவாகக் கேட்குமாயின், ஏரியல் முதல் ஒலிபெருக்கி வரை வழி திறந்திருக்கின்றது என்று கொண்டு, திருத்துவோர் மூடியை முடுக்கிவிடலாம்.